பிடித்த மீன் பிழைக்க வேண்டும்

காவிரி ஆறு கர்நாடக மாநிலத்தின் காடுகளுக்குள் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே ஒரு பெரிய மீன் வாழ்கிறது. அதன் பெயர் மாசீர். இது கெண்டை இனத்தைச் சேர்ந்தது. இதில் ஒரு வகைக்கு முதுகு உயர்ந்திருக்கும். அதைக் கூன்முதுகு மாசீர் என்பார்கள். சிறு மீன்களையும் நண்டுகளையும் அது பிடித்துத் தின்னும். மரத்திலிருந்து விழும் பழத்தையும் விடாது.

1946ஆம் ஆண்டில் கபினி ஆற்றில் ஒரு மாசீர் தூண்டிலில் சிக்கியது. கபினி, காவிரியின் துணை ஆறு. அந்த மீனின் எடை 120 பவுண்டு. அதாவது சுமார் 54 கிலோ. ஒரு ஆளின் எடை!

இன்று அந்த மீனைக் காண்பதே அரிது. அணைகள் அதன் வழியை மறித்தன. சிலர் வெடி வைத்து மீன் பிடித்தார்கள். 2018ஆம் ஆண்டில் கூன்முதுகு மாசீர், அழியும் விளிம்பில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் மாசீர் சிக்குவதுண்டு. சில ஆறுகளில் அனுமதி பெற்று விளையாட்டாகவும் தூண்டில் போடுகிறார்கள். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். ஆனால் விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. நீந்திப் போன மீன் சில மணி நேரம் கழித்து ஆழத்தில் செத்துப் போகலாம். பிடித்தவருக்கு அது தெரியாது. மீன் பிழைப்பதும் சாவதும் பிடித்தவரின் கையில்தான் இருக்கிறது.

தூண்டில் போடும் முன்

தூண்டில் முள்ளின் நுனி அருகே பின்பக்கமாக ஒரு சிறு கூர் இருக்கும். அதைக் குறடால் அழுத்தித் தட்டையாக்க வேண்டும். அப்போது முள் எளிதாகக் கழன்று வரும். நரம்பு கனமானதாக இருக்க வேண்டும். மெல்லிய நரம்பு என்றால் மீனை நெடுநேரம் அலைக்கழிக்க வேண்டி வரும். களைத்த மீன் பிழைப்பது கடினம். கோடையில் சூடான நீரில் காற்று குறைவாகவே கரைந்திருக்கும். அப்போது தூண்டில் போடாமல் இருப்பதே நல்லது.

மீன் கரைக்கு வந்ததும்

மீனை ஆழம் குறைந்த நீரிலேயே வைத்திருக்க வேண்டும். பரிசலுக்குள் தூக்கிப் போடக் கூடாது. அங்கே துள்ளினால் செதில் உதிரும். உள்ளே அடிபடும்.

தொடும் முன் கையை நனைக்க வேண்டும். மீனின் உடம்பில் உள்ள வழுவழுப்பு அதற்குத் தோல் போன்ற காவல். உலர்ந்த கையும் துணியும் அதை உரித்துவிடும். பிறகு அந்த இடத்தில் நோய் பற்றும்.

செவுளுக்குள் விரலை விடக் கூடாது. மீன் மூச்சு விடுவது செவுளால்தான். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடவும் கூடாது. நீரில் மிதந்து பழகிய உடம்பு அது. தன் எடையைத் தானே தாங்காது. ஒரு கை வாலின் அடியில், மறு கை வயிற்றின் கீழ். இதுவே சரியான பிடி.

மாசீருக்குத் தாடையில் பற்கள் இல்லை. தொண்டைக்குள் உண்டு. நண்டின் ஓடும் அதில் நொறுங்கும். வாளை மீனுக்கோ வாய் நிறையக் கூரான பற்கள். ஆகவே முள்ளைக் குறடால்தான் எடுக்க வேண்டும். முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்கக் கூடாது. நரம்பை வாய்க்கு அருகில் வெட்டிவிட வேண்டும்.

பிடிப்பவருக்கும் ஆபத்து உண்டு. பாறை வழுக்கும். காவிரியில் முதலைகள் இருக்கின்றன. இடம் பார்த்தே நீரில் இறங்க வேண்டும்.

தூக்காமலே எடை பார்க்கலாம்

தையல்காரரின் நாடா போதும். நீரில் வைத்தபடியே மீனின் நீளத்தையும் உடம்பின் சுற்றளவையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். நீளம் 40, சுற்றளவு 24 என்று வைத்துக்கொள்வோம். 24ஐ 24ஆல் பெருக்கினால் 576. அதை 40ஆல் பெருக்கினால் 23,040. இதை 800ஆல் வகுத்தால் 28.8. அந்த மீனின் எடை ஏறத்தாழ 29 பவுண்டு. சுமார் 13 கிலோ.

விடும்போது

ஓடிக் களைத்தவரின் வாயையும் மூக்கையும் பொத்தினால் என்ன ஆகும்? போராடிக் களைத்த மீனை வெளியே தூக்கிப் படம் எடுப்பதும் அப்படித்தான். தூக்கியே ஆக வேண்டும் என்றால் சில நொடிகள் மட்டுமே.

பிறகு மீனின் தலை நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி மெல்லப் பிடித்திருக்க வேண்டும். தெளிந்த நீர் வாய் வழியே புகுந்து செவுள் வழியே வெளியேறும். முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது. தள்ளிவிடவும் கூடாது. தெம்பு வந்ததும் மீன் தானே வாலை அடித்துக் கையை விட்டுப் போகும். அதற்கு எத்தனை நிமிடம் ஆனாலும் பொறுத்திருக்க வேண்டும்.

பெரிய பெண் மீன் அதிக முட்டைகள் இடும். அப்படி ஒரு மீன் பிழைத்தால், அடுத்த மழைக்காலத்தில் ஆற்றில் குஞ்சுகள் பெருகும்.