இருப்புப்பாதை எவ்வழியே செல்லல் வேண்டும்?



புதிய இருப்புப்பாதை ஒன்று வரப்போகிறது என்று செய்தித்தாளில் கண்டால் நாம் மகிழ்கின்றோம். எத்தனை கோடி ரூபாய் செலவாகும், எப்பொழுது முடியும் என்று ஆவலோடு கேட்கின்றோம். ஆனால், அந்தப் பாதை எந்தத் தெருவை ஒட்டிச் செல்லும், எங்கெங்கே வண்டி நிற்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைக் கேளாமல் விட்டதனால், நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆசிரியத் தொழில் பார்த்த நானே ஒரு வகுப்பறையில் தலைகுனிய நேர்ந்தது. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் எங்கள் சேதுச் சீமையின் கதையைக் கேளுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் மண்டபத்தோடு பெருநிலம் முடிந்துவிடுகிறது. அப்பால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள கடல். அதற்கும் அப்பால் பாம்பன் தீவு. மதுரைப் பக்கத்திலிருந்து மண்டபம் வரை 1902ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. கடலின் குறுக்கே கட்டிய பாம்பன் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் திறக்கப்பெற்றது. பாலத்தைக் கடந்த பாதை பாம்பனில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று 10 கிலோமீட்டர் சென்று இராமேசுவரத்தை அடைந்தது. மற்றொன்று 24 கிலோமீட்டர் சென்று தீவின் தென்கிழக்கு முனையில் உள்ள தனுஷ்கோடியை அடைந்தது.

இவ்விரண்டினுள் எதற்கு முதலிடம் கிடைத்தது? நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து நீராடும் இராமேசுவரத்துக்குத்தான் என்று நீங்கள் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட புகழ்பெற்ற 'போட் மெயில்' தனுஷ்கோடிக்கே சென்றது. காரணம், அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கடல்வழி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மட்டுமே. அதற்கு முன்னர்த் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நெடுந்தூரம் கப்பலிற் செல்லவேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரும், வணிகரும், தபால் மூட்டைகளும் விரைவாகக் கடல் கடக்கவேண்டும் என்பதே அந்தப் பாதையின் நோக்கம். ஆகவே துறைமுகத்துக்கு நேர்ப்பாதையும், பெரிய ஊருக்குக் கிளைப்பாதையும் அமைந்தன.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவது ஒன்று உண்டு. ரயிற்பாதை என்பது வெறும் இரும்பும் கல்லும் அன்று. யாருடைய பயணத்தை முதன்மையாகக் கருதினோம் என்பதை நிலத்தின்மீது எழுதிவைக்கும் எழுத்து அது. பாதை சென்ற தனுஷ்கோடியில் ரயில் நிலையமும், தபால் நிலையமும், சுங்க அலுவலகமும், பள்ளியும், தேவாலயமும் எழுந்தன. மணல்திட்டு ஊராயிற்று.

ஆயினும் அந்த மணல்திட்டு எத்தகையது? அதன் வடபுறத்துக் கடல் பெரும்பாலும் அமைதியானது. எங்கள் மீனவர் அதனைப் 'பெண்கடல்' என்பர். தென்புறத்துக் கடல் அலை மிகுந்தது; அதனை 'ஆண்கடல்' என்பர். இரண்டு கடல்களுக்கும் நடுவே நாடா விரித்தாற்போலக் கிடக்கும் தாழ்ந்த நிலம் அது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு பெரும் புயல் வீசியது. கடல் பொங்கி எழுந்து மணல்திட்டைக் கடந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த பயணி வண்டியைக் கடல் கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது எனக்கு மூன்று வயது. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்ததை என் தாயார் சொல்லக் கேட்டதன்றி எனக்கு நினைவில்லை.

பாம்பன் பாலமும் சிதைந்தது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் அது செப்பனிடப்பட்டது. ஆனால் தனுஷ்கோடிப் பாதை மீண்டும் போடப்படவில்லை. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறியது. கிளைப்பாதையே தலைப்பாதை ஆயிற்று. தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988ஆம் ஆண்டில்தான். அதுவரை அரிசி மூட்டையும் நோயாளியும் கடல் கடக்க ரயிலையே பெரிதும் நம்பியிருந்தனர்.

நிற்க. 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் பாதை அமைக்க அடிக்கல் நாட்டப்பெற்றது. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளம். 208 கோடி ரூபாய் மதிப்பீடு. நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டு அது. செய்தி வந்தவுடன் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு சொற்போர் வைத்தேன். 'தனுஷ்கோடிக்கு ரயில் வேண்டுமா, வேண்டாவா?' என்பது பொருள். ஒரு கட்சியினர், யாத்திரிகர் பெருகுவர், கடைகள் பெருகும் என்றனர். மறு கட்சியினர், 1964ஐ மறக்கலாமா, ஆமைகள் முட்டையிடும் கரையையும் பூநாரைகள் இறங்கும் உப்பங்கழியையும் கெடுக்கலாமா என்றனர். இரு தரப்பும் நன்றாகவே பேசின. நானும் மகிழ்ந்து தீர்ப்புச் சொல்ல எழுந்தேன்.

அப்பொழுது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். மீன்பிடி குடும்பத்துப் பெண். "ஐயா, ரயில் வந்தால் அது எங்கே நிற்கும்? என் பாட்டி விடியற்காலையில் மீன் கூடையோடு வருவார். அவர் ஏறுகிற இடத்தில் நிற்குமா, கோயில் பார்க்க வருகிறவர்கள் இறங்குகிற இடத்தில் மட்டும் நிற்குமா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாமையைக் காட்டிலும், அந்தக் கேள்வி என் எண்ணத்திலேயே தோன்றவில்லை என்பதே என்னை நாணச் செய்தது. வாழத் தகுதியற்றது என்று அறிவித்த மண்ணிலும் மீனவர் குடிசைகள் இன்றும் உள்ளன. எங்கள் சொற்போரில் யாத்திரிகர் இருந்தனர், ஆமைகள் இருந்தன. அங்கேயே வாழும் மனிதர் இல்லை. தவறு மாணவருடையதன்று, வேண்டும், வேண்டா என்று மட்டும் பொருளை வகுத்துக்கொடுத்த ஆசிரியனுடையது.

அன்று முதல் நிலையங்கள் எங்கே அமையவேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டாயிற்று. நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரம் ஒன்றில் 32 கிலோமீட்டர்ப் பாதை என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்தால் வண்டி 32 இடங்களில் நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நிமிடம் போனால் 32 நிமிடம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று வைத்தால் 16 நிமிடமே. ஆகவே கோடியிலிருந்து கோடிக்குச் செல்பவருக்கு 16 நிமிடம் மிச்சம். இனி நான்கு கிலோமீட்டர் மட்டும் செல்லும் மூதாட்டியை எண்ணுங்கள். அவருக்கு மிச்சமாவது இரண்டே நிமிடம். ஆனால் நிலையங்கள் விலகியதனால் ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலும் அரைக் கிலோமீட்டர் வரை கூடுதலாக நடக்க நேரலாம். தலையில் கூடையுடன் அந்த நடை இருபுறமும் சேர்ந்து கால் மணிக்குக் குறையாது. ஒரே கோடு, ஒரே வண்டி. ஒருவருக்கு ஆதாயம், மற்றவருக்கு நட்டம். இரண்டில் எதனைத் தேர்வது என்பதை எண்கள் தாமே சொல்லிவிடா. நாம்தான் பேசி முடிவு செய்யவேண்டும்.

நிலையம் மட்டுமன்றிப் பாதையும் இத்தகைய வழக்கை உடையதே. கடைத்தெருவின் நடுவே பாதை சென்றால் மக்களுக்கு எளிது. ஆனால் வீடுகளையும் கடைகளையும் இடிக்க நேரும், செலவும் மிகும். ஊருக்கு வெளியே சென்றால் செலவு குறைவு. ஆனால் மிச்சமான அந்தச் செலவைப் பயணியர் நாள்தோறும் நடையாகவும் ஆட்டோக் கட்டணமாகவும் கொடுத்துத் தீர்ப்பர். சென்னைப் பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாதை பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே சென்றது. கட்டடங்களை மிகுதியாக இடிக்கவேண்டியிராமையே அதற்குக் காரணம். 1995இல் அது தொடங்கியபோது, பேருந்து நிலையங்களோடும் கடைவீதிகளோடும் நிலையங்கள் நன்கு இணையாமையால் எதிர்பார்த்த கூட்டம் சேரவில்லை. பின்னர் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு அதனை நீட்ட முயன்றபோது, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலத்தின் வழக்கினால் வேலை பல்லாண்டுகள் தடைப்பட்டது. நிலத்துக்கு உரியவரோடு முதலில் பேசாவிடின் பின்னர்க் காலம் செலவாகும் என்பதற்கு அது சான்று.

எங்களுக்கு அண்மையிலுள்ள மதுரையிலும் இவ்வாதம் எழுந்தது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் திட்டம் வகுக்கப்பட்டது. பழைய நகரின் குறுகிய தெருக்களையும் மீனாட்சியம்மன் கோயிற் சுற்றுப்புறத்தையும் எண்ணி, நகரின் நடுப்பகுதியில் சுரங்கவழி அமைப்பதென்று கருதினர். சுரங்கம் தெருவைக் காக்கும். ஆனால் செலவைப் பன்மடங்காக்கும். 2025ஆம் ஆண்டு நவம்பரில் நடுவண் அரசு அத்திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. 20 இலட்சம் மக்கள்தொகை வேண்டும் என்னும் அளவு காரணமாகக் காட்டப்பட்டது. பழைய கணக்கெடுப்பைக் கொண்டு வளர்ந்த நகரை அளக்கலாமா என்று மதுரையில் மறுப்பு எழுந்தது. முடிவு எவ்வாறாயினும், ஒன்றை மறவாதீர்கள்: மெட்ரோ இல்லையெனில் இலகு ரயில், இலகு ரயில் இல்லையெனில் தனித்தடப் பேருந்து என்று வழிகள் பல உண்டு. எந்த வண்டி ஓடினாலும், அது எங்கே நிற்கும் என்ற கேள்வி மாறாது.

மீண்டும் எங்கள் தீவுக்கு வருவோம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. செங்குத்தாக உயரும் தூக்குப்பகுதியை உடைய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இராமேசுவரம் செல்லும் பயணியர் பெருநிலத்திலேயே இறங்கிப் பேருந்து பிடித்தனர். மண்டபத்தில் மூட்டைகளைச் சுமந்து இறங்கிய முதியோரைக் கண்டபோதெல்லாம், நிலையம் சில கிலோமீட்டர் தள்ளிப்போவது என்றால் என்ன என்பதை நேரிற் கண்டேன். தனுஷ்கோடிக்கோ 2017ஆம் ஆண்டிலேயே அரிச்சல்முனை வரை நல்ல சாலை வந்துவிட்டது. அங்கே 2025இல் பூநாரைகளுக்கென ஒரு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. 2019இல் அடிக்கல் நாட்டிய ரயிற்பாதை இன்னும் அமையவில்லை.

அது வரவேண்டுமா என்று என்னைக் கேட்டால், கடலின் குணத்தை அறிந்து கட்டுவதும், பறவைக்கும் ஆமைக்கும் இடம் விடுவதும், கரையில் வாழ்வோர் ஏறும் இடத்தில் நிற்பதும் இயலுமாயின் வரலாம். இயலாதாயின் இருக்கும் சாலையில் நல்ல பேருந்துகளை விடுவதே மேல் என்பேன். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். அஃது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் ஊரில் ஒரு பாதை வருவதாக வரைபடம் வெளியாகும்போது, அதனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நாள் அவ்வழியே நடந்து பாருங்கள். சந்தைக்குச் செல்பவரையும், மருத்துவமனைக்குச் செல்பவரையும் கண்டு, எங்கே ஏறுவீர்கள் என்று கேளுங்கள். பின்னர் வாதாடுங்கள். அந்த மாணவி அன்று எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.