தாயின் நோய் மகளுக்கும் வருமோ?

உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி, பாடம் முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "ஐயா, அம்மாவுக்கு மார்பிலே புற்றுநோய். வைத்திய அறிக்கையில் ஈஸ்திரசன் வாங்கி உண்டு என்று எழுதியிருக்கின்றார்கள். அந்த வாங்கி எனக்கும் பரம்பரையாய் வந்திருக்குமோ?" என்று வினவினாள்.

வினா ஒன்றுதான், அதனுள் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன.

வாங்கி என்பது யாது? சூலகத்திற் சுரக்கும் ஈஸ்திரசன் என்னும் ஓமோன் இரத்தத்தோடு உடலெங்கும் செல்லும். ஆயினும் அதனைப் பற்றிக்கொள்ளும் புரதம் எந்தக் கலத்தில் உண்டோ, அந்தக் கலமே அதன் ஏவலைக் கேட்கும். அப்புரதமே வாங்கி. அது நோயன்று, பெண்கள் யாவர்க்கும் உண்டு, ஆண்களுக்குந்தான்.

இதன் கதை மாட்டுத் தொழுவத்திலே தொடங்குகின்றதென்றால் வாசகர் வியப்பர். கறவைப் பசுவின் சூலகத்தை அகற்றினால் அது நெடுங்காலம் பால் தரும் என்பதை அறிந்த கிளாஸ்கோ நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோர்ஜ் பீற்சன், சூலகத்துக்கும் மார்புக்கும் தொடர்புண்டென ஊகித்தார். நோய் முற்றிய பெண்ணொருத்தியின் சூலகங்களை அகற்றினார், கட்டிகள் சுருங்கின. 1896 இல் அதனை வெளியிட்டார். ஆனால் எல்லார்க்கும் அச்சிகிச்சை பலிக்கவில்லை. ஏனென்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக விடையில்லை. 1950 களின் பிற்பகுதியில் சிக்காகோவில் எல்வூட் ஜென்சன், கதிர்வீசும் ஐதரசன் சேர்த்த ஓமோன் உடலில் எங்கே தங்குகின்றதெனத் தொடர்ந்து நோக்கி வாங்கியைக் கண்டறிந்தார். வாங்கியுள்ள கட்டி ஓமோனை நம்பி வளரும். அதனை மறித்தால் தளரும். மார்புப் புற்றுநோய்களில் மூன்றிலிரண்டு பங்குக்கு மேற்பட்டவை இவ்வகையின. தமொக்சிபென் குளிகை அவ்வாங்கியை அடைத்துக்கொண்டே பயன் தருகின்றது. ஆகவே தாயாரின் அறிக்கை கூறுவது கட்டியின் இயல்பையேயன்றிக் குடும்பத்தின் விதியையன்று. மருந்துக்கு வழிகாட்டுவதால், ஒருவகையில் நற்செய்தியுமாகும்.

பரம்பரை வேறு. வாங்கியை ஆக்கும் பரம்பரையலகு ஆறாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஷங்காய்ப் பெண்களை ஆராய்ந்தோர், அதன் அயலிலே ஓரெழுத்து மாறியிருப்போர்க்கு நோய் சற்று மிகுதியாய் வருதலை 2009 இல் அறிவித்தனர். சற்று என்பதை அழுத்திச் சொல்கின்றேன்: நூற்றுவரில் நால்வருக்கு வருமிடத்தில் ஐவருக்கு வருவது போன்ற வேறுபாடு. அவ்வெழுத்தைச் சுமந்தவாறே நோயின்றி வாழ்ந்து முதிர்வோரே மிகப் பலர்.

உண்மையில் விசாரிக்க வேண்டியது பி.ஆர்.சி.ஏ. 1 என்னும் பரம்பரையலகு. அதன் இடம் பதினேழாம் நிறமூர்த்தமென மேரி-கிளயர் கிங் 1990 இல் காட்டினார். அது ஓமோனைச் சார்ந்ததன்று; கலத்தின் பரம்பரைப் பொருளிலே நேரும் பழுதைச் செப்பனிட உதவுவது. அதுவே பழுதுற்றிருப்பின், 80 வயதுக்குள் பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ எழுபதின்மருக்கு மார்புப் புற்றுநோய் வரும். தந்தை வழியாகவும் அது இறங்கும். நம்மவர் தாய்வழியை மட்டுமே எண்ணிப் பார்க்கின்றனர்.

"அப்பாவின் பக்கத்தில் எவருக்கேனும் இளவயதில் இந்நோய் வந்ததுண்டா?" என்று கேட்டேன்.

அவள் சிறிது நேரம் யோசித்தாள். "மாமி ஒருவர் 38 வயதிலே காலமானார். என்ன நோயென்று வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை, ஐயா."

கேட்டறிந்து வரும்படி சொல்லி அனுப்பினேன்.