கிண்ணத்துக்குக் காசு வரும், பந்துக்கு வராது

வடமராட்சியின் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கும் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு ஆறு வருடங்களாக நான்தான் பொருளாளர். கடந்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பிக் கேட்டார்: "தம்பி, போன மாதம் லைற் எல்லாம் போட்டுப் பெரிய ரூர்ணமென்ற் நடத்தினீங்கள். பிறகு ஏன் சின்னப் பெடியள் ஒரு பந்தோட நிக்கிறாங்கள்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு கணக்குப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் கழகத்துக்குக் காசு வராமல் இல்லை. ஆனால் வரும் காசு அநேகமாக நிகழ்வுகளுக்கு வருகிறது. சிறுவர் பயிற்சிக் கூடமோ நாளாந்தச் செலவு. இரண்டும் ஒரே கணக்கில் இருப்பதால், தட்டுப்பாடு வரும்போது முதலில் வெட்டுப்படுவது சிறுவர்களின் பங்குதான்.

காசு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, ஊருக்குள் சேர்ப்பது. எங்களுடையது கடற்றொழில் ஊர். முன்பெல்லாம் நல்ல பாடு கிடைத்த நாட்களில் சம்மாட்டிமாரும் படகுக்காரரும் கேட்காமலே தருவார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. ஒருமுறை கடலுக்குப் போய்வரும் செலவு அப்படி ஏறிய பிறகு, அந்த வீட்டு வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்க எங்களுக்கே மனம் வரவில்லை.

இரண்டாவது, உள்ளூராட்சி. பிரதேச சபை உறுப்பினர் ஒருவரைப் பிடித்தால் மைதானத்துக்கு நாலு லோட் மண்ணாவது கிடைக்கும். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தள்ளிப்போன தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல், எங்களுக்காகச் சபையில் எழும்பிக் கேட்க ஒரு உறுப்பினர் இருக்கவில்லை.

மூன்றாவது, புலம்பெயர்ந்த எங்கள் ஊரவர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. ஊர்ச் சேகரிப்பு வற்றிய அதே நேரத்தில் வெளிநாட்டுக் காசின் பெறுமதி ஏறியது. இன்று கழகம் நிமிர்ந்து நிற்பதே அவர்களால்தான். அதை நன்றியோடு சொல்லவேண்டும்.

ஆனால் அந்தக் காசு வரும்போதே அதற்கு ஒரு வேலையும் சொல்லப்பட்டிருக்கும். தகப்பனாரின் ஞாபகார்த்தமாக ஒரு வெற்றிக்கிண்ணம், அணிக்கு ஒன்பது பேர் கொண்ட மின்னொளிச் சுற்றுப்போட்டி, பெரியவர்கள் அணிக்குப் பெயர் பொறித்த சீருடை. இவற்றைப் படம் எடுத்து அனுப்பலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூம்புகளுக்கிடையில் பந்து உருட்டுவதை யாரும் நேரலையில் பார்ப்பதில்லை.

சுற்றுப்போட்டியில் மிஞ்சாதா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறோம், கடை போடுகிறவர்களும் ஏதோ தருகிறார்கள். ஆனால் பரிசுத்தொகை, மத்தியஸ்தர் கொடுப்பனவு, ஜெனரேற்றர், விளக்கு, ஒலிபெருக்கி, குளிர்பானம் என்று எழுதிக்கொண்டு போனால் கடைசி வரியில் பெரிதாக எதுவும் நிற்பதில்லை. அடுத்த ஊர் பரிசுத்தொகையைக் கூட்டினால் நாங்களும் கூட்டவேண்டும். இல்லாவிட்டால் நல்ல அணிகள் வராது.

எங்கள் பெரியவர்கள் அணி வெளியூர் போனாலும் இதே கதைதான். வாகனக்கூலி இருக்கிறது. முக்கியமான ஆட்டம் என்றால் வெளியிலிருந்து இரண்டு வீரர்களைக் காசு கொடுத்து இறக்கச் சொல்லி அழுத்தம் வரும். நாங்களும் அதைச் செய்திருக்கிறோம். வென்று வரும் பரிசுத்தொகை அவர்களுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். ஊரில் வெடி கொளுத்துவார்கள். கணக்குப் புத்தகத்தில் அந்த வெற்றி ஒரு நட்டமாகப் பதிவாகியிருக்கும்.

ஒரு பயிற்சிக் கூடத்துக்கு என்ன தேவை?

எங்களிடம் பயிற்சிக்கு வருவது நாற்பதுக்குக் கிட்டிய பிள்ளைகள். 12 வயது வரை நான்காம் இலக்கப் பந்து, அதற்கு மேல் ஐந்தாம் இலக்கம். ஒழுங்கான பயிற்சி என்றால் இரண்டு பேருக்கு ஒரு பந்தாவது வேண்டும். எங்கள் மைதானம் சுண்ணாம்புக் கல்லும் நெருஞ்சி முள்ளும். பந்தின் மேல்தோல் சில மாதங்களில் உரிந்துவிடும். இறக்குமதிப் பொருளான பந்தின் விலை டொலரோடு ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானதும் கடைக்காரர் இன்னொரு விலை சொன்னார்.

பயிற்றுநருக்குச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை. பெற்றோல் காசு மட்டும் கொடுக்கிறோம், அதுவும் சில மாதம் பிந்தும். பிள்ளைகளில் பலர் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள். ஒரு சோடி பூட்ஸை அண்ணனும் தம்பியும் மாறிமாறிப் போடுவதும் உண்டு. பெண்பிள்ளைகளும் கேட்டு வருகிறார்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் தேசிய மட்டத்தில் வென்றுகாட்டிய பிறகு அந்த ஆசை எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் மைதானத்தில் உடை மாற்ற ஒரு அறையோ கழிப்பறையோ இல்லை. அதனால் இதுவரை அவர்களைச் சேர்க்க முடியவில்லை.

ஐந்நூறு ரூபாயின் கதை

கடந்த வருடம் நான்தான் ஒரு யோசனை சொன்னேன்: பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய் கட்டணம். நகரத்துப் பயிற்சிக் கூடங்கள் வாங்குவதைவிட மிகக் குறைவு என்று விளக்கமும் கொடுத்தேன். முதல் மாதம் காசு சேர்ந்தது, நான்கு பந்து வாங்கினோம்.

இரண்டாம் மாதம் பதினொரு பிள்ளைகள் வரவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. அவர்களில் ஒரு பெடியன், எங்களிடம் இருந்த மிகச் சிறந்த இடது காலாட்டக்காரன். ஒருநாள் பின்னேரம் மதிலுக்கு வெளியே சைக்கிளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "உள்ள வாவன்டா" என்றேன். "இல்லை அண்ணை, ரியூசன் இருக்கு" என்றான். அவன் ரியூசனுக்குப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் கட்டணத்தை நிறுத்தினோம். பதினொரு பேரில் ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை, இப்போது தகப்பனோடு கடலுக்குப் போகிறான்.

மேலிருந்து வரும் பணம்

உலக உதைபந்தாட்டத்தில் இவ்வளவு பணம் புரள்கிறதே, கொஞ்சமும் கீழே வராதா என்று கேட்கலாம். 2023 முதல் 2026 வரையான காலத்துக்கு ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் 80 இலட்சம் டொலர் வரை பீபா ஒதுக்கியிருக்கிறது. அது தேசிய சம்மேளனத்தினூடாகச் செலவாகும் பணம். கிராமக் கழகத்தின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவதல்ல. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கை பீபாவால் தடை செய்யப்பட்டிருந்தபோது அந்த அபிவிருத்தித் திட்டங்களுக்கான வழியும் அடைபட்டிருந்தது.

இன்னொரு வழி, பீபாவின் ஒருமைப்பாட்டுக் கொடுப்பனவு. ஒப்பந்தம் முடியுமுன் ஒரு தொழில்முறை வீரரை வேறு நாட்டுக் கழகம் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 வீதம் 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் போகவேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 வீதம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 0.5 வீதம். நான்கு வருடம் எங்களிடம் பழகிய பிள்ளை ஒரு கோடி ரூபாய்க்கு விலைபோனால், எங்களுக்கு ஒரு இலட்சம் வரும்.

நடைமுறையில் எங்கள் பிள்ளைகள் அப்படிப் போவதில்லை. திறமையானவரை கொழும்புக் கழகம் ஒன்றோ பொலிஸ், இராணுவ அணிகளோ எடுத்துக்கொள்ளும். அங்கே விலை இல்லை, ஆகவே பங்கும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று நாங்கள் சந்தோசப்படுவோம். நாளைக்கு ஒருவர் வெளிநாட்டுக்குப் போனாலும், 12 வயதில் அவர் எங்களிடம் விளையாடினார் என்பதற்குப் பதிவு வேண்டும். பல கிராமக் கழகங்களைப் போல எங்களிடமும் அது இருக்கவில்லை.

இப்போது செய்வது

மூன்று விடயங்களைத் தொடங்கியிருக்கிறோம். ஒன்று, சிறுவர் பயிற்சிக்குத் தனி வங்கிக் கணக்கு. சுற்றுப்போட்டிக்கு யார் அனுசரணை தந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கு முதலில் அந்தக் கணக்குக்குப் போகும். இதை முன்கூட்டியே சொல்லித்தான் காசு வாங்குகிறோம். இரண்டு, மாதம் முடிய அந்தக் கணக்கின் வரவுசெலவை ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் போடுகிறோம். இதைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு வருடப் பந்துச் செலவை ஏற்கிறேன் என்று சொன்ன ஒருவரும் இருக்கிறார். மூன்று, 12 வயதானதும் பிள்ளையைப் பெயர், பிறந்த திகதியோடு முறையாகப் பதிவு செய்கிறோம்.

இவற்றால் எல்லாம் தீர்ந்துவிடாது. பரிசுத்தொகையைக் குறைத்ததால் இம்முறை இரண்டு நல்ல அணிகள் வரவில்லை. அதற்காகக் கழகத்துக்குள்ளேயே என்னோடு கோபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெரியவரின் கேள்விக்கு அடுத்த பொதுக்கூட்டத்தில் பதில் சொல்லியாகவேண்டும். இன்றைய கணக்குப்படி பிள்ளைகளிடம் பதினான்கு பந்துகள் இருக்கின்றன. இரண்டு பேருக்கு ஒன்று என்றால் இன்னும் ஆறு வேண்டும்.