கார் அலாரம் சைரன் பழுதா? முழு செட்டையும் மாற்ற வேண்டியதில்லை

பூட்டிய காரை யாராவது திறக்க முயன்றால் அலற வேண்டியது சைரன். அது ஊமையாகிவிட்டாலும் தொல்லை. காரணமே இல்லாமல் நள்ளிரவில் அலறினாலும் தொல்லை. இரண்டாவது தொல்லை நம்மோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டு நோயாளி, கைக்குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கிறது. நாலு தடவை பொய்யாக அலறிய காரை, ஐந்தாவது தடவை உண்மையிலேயே திருடன் தொட்டாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பழுதோடு கடைக்குப் போனால், "செட்டையே மாத்திடுங்க" என்ற பதில் எளிதாக வரும். அதற்குச் சில ஆயிரங்கள் ஆகும். சைரன் மட்டும் கெட்டிருந்தால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். எனவே எது கெட்டது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவதுதான் சிக்கனத்தின் முதல் படி.

சத்தமே வரவில்லை என்றால்

ரிமோட்டில் பூட்டும்போது இண்டிகேட்டர் விளக்குகள் மின்னுகின்றனவா என்று பாருங்கள். விளக்கும் மின்னவில்லை என்றால் ரிமோட் பேட்டரி, ஃபியூஸ், அலாரம் பெட்டி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளக்கு மின்னி, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் சைரன் பக்கம் திரும்புகிறது. ஆனால் பல ரிமோட்டுகளில் சத்தமில்லாமல் பூட்டும் பொத்தான் ஒன்று உண்டு. வீட்டுப் பிள்ளைகள் அதை அழுத்தி வைத்திருக்கலாம். அதைச் சரிபார்க்கக் காசு செலவில்லை.

அடுத்த சோதனைக்கு இரண்டு ஒயர் இணைத்த 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்று போதும். எஞ்சின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து சைரன் இணைப்பைக் கழற்றி, அந்த இரு முனைகளிலும் பல்பை இணைக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ரிமோட்டில் பூட்டி ஒரு நிமிடம் பொறுத்து, கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தால் அலாரம் தூண்டப்படும்.

- பல்பு பளிச்சென்று எரிந்தால், அல்லது விட்டுவிட்டு எரிந்தால், மின்சாரம் வருகிறது. சைரன்தான் செத்துவிட்டது.
- மங்கலாக எரிந்தால், அல்லது எரியாவிட்டால், பல்பின் எர்த் முனையை மட்டும் எடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வையுங்கள். இப்போது நன்றாக எரிந்தால் எர்த் இணைப்பில்தான் கோளாறு. பாடியில் உள்ள அந்த போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து முடுக்கினால் புதுச் சைரனே தேவைப்படாது.
- அப்போதும் எரியாவிட்டால் ஒயரிலோ அலாரம் பெட்டியிலோ பழுது. எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் நல்லதுதான். ஆனால் துருப்பிடித்த இணைப்பிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பளு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் இந்த வேலைக்குப் பல்பே நம்பகமானது.

தானாக அலறினால்

முதலில் கார் பேட்டரியின் பலத்தையும், கதவு, பானெட் சுவிட்சுகளையும், அதிர்வு சென்சாரையும் பாருங்கள். சென்சாரின் உணர்திறனைக் குறைத்தாலே பல கார்கள் அமைதியாகிவிடும்.

சில சைரன்களுக்குள் சிறு பேட்டரி இருக்கும். திருடன் ஒயரை அறுத்தாலும் அலற வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் கிடந்து அந்த பேட்டரி கசிந்தால், உள்ளே உள்ள சர்க்யூட் அரித்து, சைரன் நினைத்தபோதெல்லாம் கத்தும். கசிந்ததை வெறும் கையால் தொடாதீர்கள். குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

வாங்கும்போது

பழைய சைரனைக் கையோடு கொண்டுபோங்கள். வோல்ட், வாட், ஒயர்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். 20 வாட் சைரன் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.7 ஆம்பியர் இழுக்கும். பழையதைவிட அதிகம் இழுப்பதை மாட்டினால் அலாரம் பெட்டிக்கே ஆபத்து. இரண்டு ஒயர் சைரன்தான் மலிவு, மாற்றவும் எளிது. கம்பெனியிலிருந்தே அலாரத்தோடு வந்த கார்களில் சில, சைரனோடு டேட்டா ஒயர் வழியாகப் பேசும். அவற்றில் பொதுச் சைரன் வேலை செய்யாது. வாரண்டி இருக்கும் காரில் ஒயரை வெட்டும் முன் ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய பொருள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தண்ணீர் இறங்கிய சைரன் வெளியே பார்த்தால் தெரியாது. விலை வித்தியாசமும் சொற்பம். புதிதாக, பில்லோடு வாங்குவதே மேல். திருட்டைத் தடுக்க வாங்கும் பொருளே இன்னொருவர் காரிலிருந்து திருடியதாக இருக்கக் கூடாதல்லவா?

மாட்டும்போது

சைரனில் சாவித் துவாரம் இருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டு, பிறகு கார் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக் கூடாது. ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி விடாமல் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். சைரனின் வாய் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்காது. சைலன்சர் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் அருகே பொருத்த வேண்டாம். மஞ்சள் நிற ஏர்பேக் ஒயர்களையும், ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்களையும் தொடவே கூடாது.

சோதிக்கும்போது சைரனைத் துணியால் மூடி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். 100 டெசிபலைத் தாண்டும் சத்தம் அது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை வைத்திருக்கும் அளவு 45 டெசிபல்தான். அதனால் சோதனையைப் பகலில் வைத்துக்கொள்வோம்.

சைரன் வாங்கச் சில நாள் ஆகுமென்றால், அதுவரை இணைப்பைக் கழற்றி வைக்கலாம். உள்பேட்டரி உள்ள சைரனாக இருந்தால் அதன் சாவியால் அணைத்த பிறகே கழற்ற வேண்டும். சாவியைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் தனி அமைப்பு என்பதால் பெரும்பாலான கார்களில் அது வழக்கம்போல் வேலை செய்யும். அந்த நாட்களில் வெளிச்சமுள்ள இடத்தில் காரை நிறுத்துங்கள். நம் காரும் பத்திரமாக இருக்கும். அண்டை வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.