பச்சைச் சூரியனும் பூண்டி நீரும்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் வசிக்கும் எனக்குப் புகை மூடிய காலைச் சூரியன் புதிதன்று. ஆனால், 1883 செப்டம்பரில் சென்னையில் தெரிந்த சூரியன் வேறு. அடிவானத்தை ஒட்டி அது பச்சையாகக் காட்சியளித்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவர் போக்சன் அதைப் பதிவு செய்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைமானியைக் கொண்டு அந்த ஒளியை ஆராய்ந்தார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை உருவாக்கியவர் இவரே. வயலும் ஏரியுமாகக் கிடந்த அன்றைய ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உழவர்கள் அந்தச் சூரியனைக் கண்டு என்ன நினைத்தார்களோ!

அதற்குக் காரணம் ஏறத்தாழ 3,500 கி.மீ. தொலைவில், ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே இருந்தது. ஆகஸ்ட் 27 அன்று கிரகடோவா எரிமலை வெடித்தது. 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, ஆழிப்பேரலை. 4,800 கி.மீ. அப்பால் ரோட்ரிக்ஸ் தீவில் அந்த ஓசை பீரங்கி முழக்கமெனக் கேட்டது. வானில் எழுந்த நுண்துகள்களில் ஒரே அளவுடையவை மிகுந்திருந்ததால், அவை செந்நிற ஒளியைச் சிதறடித்துப் பச்சையை நம் கண்ணுக்கு விட்டுவைத்தன.

எரிமலை என்றதும் நாம் தீக்குழம்பை நினைக்கிறோம். அது மலையடிவாரத்தில் இருப்பவர்களின் கவலை. சாம்பலும் விரைவில் படிந்துவிடும். தொலைவில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியது கந்தக டை ஆக்சைடுக்கே. மழை மேகங்களுக்கும் மேலே, படைமண்டலம் வரை எழுந்துவிட்டால், அதைக் கழுவி இறக்க அங்கே மழை கிடையாது. அது கந்தக அமிலத் திவலைகளாக மாறி ஓரிரு ஆண்டுகள் மிதந்து, சூரிய வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 1991 ஜூனில் பிலிப்பின்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.5 டிகிரி செல்சியஸ் குறைந்தது.

அரை டிகிரிதானே என்று தோன்றும். கோடையில் கடலைவிட நிலம் கூடுதலாகச் சூடாவதால்தான் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெயில் குறைந்தால் கடலைவிட நிலமே விரைவாகக் குளிரும், இழுவிசை தளரும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததற்கு அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. அதே 1816-இல் இந்தியாவில் பருவமழை முறை பிறழ்ந்ததையும் வரலாற்றாய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். நம் பாடநூல்கள் இதைப் பேசுவதில்லை.

சென்னைக்கு வடகிழக்குப் பருவமழைதானே முக்கியம் என்று கேட்கலாம். உண்மை. ஆனால், 1996 முதல் நமக்கு இன்னொரு மழையும் தேவைப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை கிருஷ்ணாவில் ஓடி, கண்டலேறு வழியாக ஊத்துக்கோட்டை எல்லையைக் கடந்து பூண்டிக்கு வருகிறது. அங்கிருந்து புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் செல்கிறது. சுமத்ராவிலோ ஜாவாவிலோ ஒரு பெருமலை வெடித்தால், அதன் விளைவு மேற்குப் புறநகரின் குடிநீர்க் குழாய்வரை வருவதற்கு வழி இருக்கிறது.

2025 செப்டம்பரில் அந்தமானின் பாரன் தீவு எரிமலை குமுறியபோது, சென்னைக்கு ஆபத்தா என்று எங்கள் குடியிருப்பில் பலர் கேட்டனர். இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை அது. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-இல் விழித்து, அவ்வப்போது பொங்குகிறது. ஆளில்லாத தீவு, அதன் வெடிப்புகள் சிறியவை, புகை படைமண்டலத்தை எட்டுவதில்லை. அச்சம் தவறான மலையின் மீது விழுந்திருக்கிறது.

பெரும் வெடிப்பு எங்கு நிகழ்ந்தாலும் செயற்கைக்கோள்கள் சில நாள்களிலேயே கந்தகத்தின் அளவைக் கணித்துவிடும். மழையில் அதன் விளைவு தெரிய மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் குடிநீர்த் திட்டத்தை மாற்றியமைக்க முடியும், கையிருப்பில் வேறு நீர் இருந்தால். 2019 கோடையில் பூண்டியும் புழலும் செம்பரம்பாக்கமும் ஒருசேர வறண்டன. அதற்கு எந்த எரிமலையும் தேவைப்படவில்லை. அப்படியொரு ஆண்டில் கைகொடுத்திருக்க வேண்டியவை அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரமோ தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.