அழுதால் யார் வருவார்கள்?

1989 டிசம்பரில் ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது. அரசு விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடைபட்டுக் கிடந்தது வெளியுலகுக்குத் தெரிந்தது. உள்ளே போனவர்களைத் திடுக்கிட வைத்தது அங்கே நிலவிய அமைதி. அழுதாலும் யாரும் வரமாட்டார்கள் என்று கண்டுகொண்ட குழந்தைகள் அழுவதையே விட்டிருந்தன.

ஏன் அப்படி?

பச்சைக் குழந்தைக்குத் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளத் தெரியாது. ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி சீக்கிரமே வேலைக்கு வந்துவிடுகிறது. அதைக் கட்டுக்குள் வைக்கும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியோ இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. அதுவரை இரவல் மூளையாக நிற்பவர் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, தூக்கி அணைக்கும் யாராகவும் இருக்கலாம். தோளில் போட்டுத் தட்டும்போது கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் தணிகிறது. இது ஆயிரம் முறை நடக்க நடக்க, அமைதியாகும் வழி நரம்புகளில் பதிகிறது.

அந்த அணைப்பு தாமதமாகக் கிடைத்தால் என்ன ஆகும்? ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் சார்லஸ் நெல்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களின் மூளை மின்னலைகள், 8 வயதில், பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளுடையதை ஒத்திருந்தன. தாமதமாகப் போனவர்களுக்கு அந்த அளவு மீட்சி இல்லை.

இதைப் படித்துவிட்டு, நேற்று பிள்ளையிடம் எரிந்து விழுந்ததை எண்ணி யாரும் கலங்க வேண்டாம். நல்ல தாயும் சேயும்கூட ஒத்திசைந்திருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் என்கிறது உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக்கின் ஆய்வு. மீதி நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்வதும்தான்.