அம்பாசிடருக்கு ஈரத்துணி வைத்தியம்!

குட்டீஸ்... மே மாதம், மதியம் ஒரு மணி. மாரண்டஹள்ளியில் இருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு, தாத்தாவின் பழைய அம்பாசிடர் காரில் போய்க் கொண்டிருக்கிறீர்கள். மேடு ஏறும்போது வண்டி இரண்டு முறை இருமுகிறது. மூன்றாவது இருமலில் நின்றே விடுகிறது. இன்ஜின் சுற்றுகிறது, ஆனால், ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்தில் மெக்கானிக் கடையும் இல்லை. தாத்தா உங்களிடம் கேட்பது என்ன தெரியுமா? வாட்டர் பாட்டிலும், ஒரு பழைய துண்டும்!

முகம் துடைக்க அல்ல. பானட்டைத் திறந்து, துண்டை நனைத்துப் பிழிந்து, இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மீது சுற்றுகிறார். கொஞ்ச நேரம் கழித்து சாவியைத் திருப்பினால், வண்டி உறுமிக் கொண்டு கிளம்புகிறது. மந்திரமா? இல்லை.

பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும் திரவம். பழைய கார்களில் அதை உறிஞ்சி அனுப்பும் பம்ப், இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். இன்ஜின் சூடும், வெயில் சூடும் சேர்ந்தால், பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டிவிடும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கொண்டு அழுத்திப் பாருங்களேன். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், விட்டால் விரியும், எங்கேயும் போகாது. பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். இதற்கு, 'வேப்பர் லாக்' என்று பெயர். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அதேபோல ஈரத்துணி காயக் காய பம்ப் குளிர்ந்து, குமிழி மறைகிறது. இப்போதைய பெட்ரோல் கார்களில் பம்ப், தொட்டிக்குள்ளேயே மூழ்கி இருப்பதால் இந்தத் தொல்லை அரிது.

துண்டுக்கும் மசியவில்லை என்றால், தாத்தா அடுத்ததாகப் பார்ப்பது, 'பாயின்ட்!' பிளக்கில் தீப்பொறி வர, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு குட்டி உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலக வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், 6,000 முறை! பாவம், கருகாமல் என்ன செய்யும்? உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, இடைவெளியை சுமார் 0.4 மில்லிமீட்டராக வைத்தால் போதும். ஒரு ஸ்குரூ டிரைவரில் முடிகிற வேலை.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து உருவானது அம்பாசிடர். கோல்கட்டா அருகே உத்தரபாராவில், 2014 வரை தயாரானது. அதன் எளிய இன்ஜினைச் சாலையோரத்திலேயே கழற்றி மாட்டியவர்கள் நம் ஊரில் ஏராளம்.

இப்படிக் கழற்றிப் பார்த்தே கற்றவர்தான் ஜி.டி.நாயுடு. கோவை அருகே கலங்கல் கிராமத்தில், 1893ல் பிறந்தவர். ஓட்டலில் வேலை பார்த்து, காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஓட்டி மகிழ்ந்ததோடு விட்டாரா? அக்கு வேறு, ஆணி வேறாகப் பிரித்து, மறுபடி பூட்டினார். பிறகு, 1920ல் பொள்ளாச்சி - பழனி இடையே பஸ் விட்டார். கோவையில் அவர் பெயரிலான அறக்கட்டளை, 2015ல் திறந்த கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பார்க்கலாம்.

உங்கள் தெருவில் பழைய கார் இருந்தால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பெரியவர்களோடு பானட்டைத் திறந்து பாருங்கள். கார்ப்பரேட்டரில் இருந்து வரும் மெல்லிய குழாயைப் பின்தொடர்ந்தால், பம்பைக் கண்டுபிடித்து விடலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்துவிடும்!